சேலம் வெயில்ல ஏர் பிளான்ட் நுனி காயுதே, என்ன பண்றது?

ஏர் பிளான்ட்டுக்கு மண்ணு வேணாம்னா தண்ணியும் வேணாம்னு நெறைய பேர் விட்டுடறாங்க, அங்கதான் செடி போயிடுது. தில்லாண்ட்சியாவுக்கு, அதாவது இந்த ஏர் பிளான்ட்டுக்கு, வேர் கிளையப் பிடிச்சுக்க மட்டும்தான், தண்ணி குடிக்கறது இலை மேல வெள்ளைப் பொடி மாதிரி தெரியுதே அந்தச் செதில் வழியா. ஏற்காட்டுப் பனிமூட்டத்துல ஸ்ப்ரே அடிச்சாலே ஓரளவு தாங்கும், நம்ம சேலம் ஏப்ரலுக்கு அது பத்தவே பத்தாது, வாரம் ரெண்டு தடவ அரை மணி நேரம் முழுசா முக்கி வைங்க. உப்பான போர்வெல் தண்ணி வேண்டவே வேண்டாம், செதில அடைச்சுடும், மழைத்தண்ணி புடிச்சு வச்சுக்கோங்க. எடுத்ததும் தலைகீழா உதறி, நல்ல காத்துல 4 மணி நேரத்துக்குள்ள காய விடுங்க, நடுக்குருத்துல தண்ணி நின்னா அடி கறுத்து அழுகிடும், அப்புறம் காப்பாத்தறது ரொம்பக் கஷ்டம். செம்புக் கம்பில மட்டும் கட்டாதீங்க ப்ளீஸ், இதுக்கு அது விஷம். கிழக்கு ஜன்னல் வெளிச்சம் போதும், மதிய வெயில் ஆகாது.