ரங்கூன் கடிதங்களில் ஸ்டாம்பை மட்டும் பிரித்தெடுக்கலாமா?

கேள்வி: என் தாத்தா ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் கணக்கெழுதியவர். ஊருக்கு அவர் போட்ட கடிதங்கள், கவரோடு, ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. "கவர் எதற்கு? ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து வாருங்கள், நல்ல விலை தருகிறேன்" என்கிறார் ஒரு வியாபாரி. செய்யலாமா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: முதலில் அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வையுங்கள்.

1937 ஏப்ரல் 1 அன்றுதான் பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து தனியே பிரிந்தது. அதுவரை அங்கே ஓடியதும் நம் இந்திய ஸ்டாம்ப்தான். உங்கள் கவரில் இருக்கிற ஐந்தாம் ஜார்ஜ் மதுரையில் விற்ற அதே ஜார்ஜ். ஏராளமாக அச்சடித்த சரக்கு. கவரிலிருந்து கழற்றினால் அவருக்கு மதிப்பே கிடையாது. கவரோடு விட்டால் கதை வேறு. முன்பக்கம் ரங்கூன் முத்திரை, தேதி. பின்பக்கம் திருப்பினால் பெரும்பாலும் உங்கள் ஊரில் வந்து சேர்ந்த முத்திரை. 'பர்மாவில் பயன்பட்ட இந்திய ஸ்டாம்ப்' என்று இதை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. வியாபாரிக்கும் இது தெரியும். ஊறவைத்த ஸ்டாம்பை வாங்குவது போல வந்து, "சரி, கவரையும் கொடுங்கள், குப்பைதானே" என்று அள்ளிப்போகும் ஆட்களை நானே பார்த்திருக்கிறேன்.

பிரிந்த பிறகு, இந்திய ஸ்டாம்பின் மேல் ஆங்கிலத்தில் 'பர்மா' என்று அச்சடித்து விற்றார்கள். 1938 நவம்பரில் சொந்த ஸ்டாம்ப் வந்தது. பெட்டியில் முதலில் தேட வேண்டியது 1941 டிசம்பரிலிருந்து 1942 மார்ச் வரையிலான தேதிகளை. டிசம்பர் 23இல் ரங்கூனில் குண்டு விழுந்தது, மார்ச் 8இல் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. அந்த இடைவெளியில் தணிக்கை முத்திரையோடு ஊர் வந்து சேர்ந்த கவர் ஒன்று இருந்தாலும் அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

இன்னொரு பொறி: "மயில் ஸ்டாம்ப் தருகிறேன், பெட்டியைக் கொடுங்கள்" என்பார்கள். 1942இல் பர்மா ஸ்டாம்பின் மேல் மயில் அச்சடித்தது உண்மைதான். ஆனால் கண்டபடி போலி நடமாடுகிற சரக்கு அது. தகுந்த நிபுணர் சான்றிதழ் இல்லாமல் தொடாதீர்கள். இதையெல்லாம் விசாரிக்கத் தபால் நிலையம் போனால், புது ஸ்டாம்ப் ஷீட்டை நீட்டுவார்கள். பழையதைப் பார்த்து நாலு வார்த்தை சொல்ல அங்கே ஆள் இல்லை. அந்தக் காலி நாற்காலியில்தான் தரகர் வந்து உட்கார்கிறார்.

ஊறவைக்கவே கூடாதா என்றால், கவர் ஏற்கெனவே கிழிந்து மூலைத்துண்டு மட்டும் மிஞ்சியிருந்தால் ஊறவைக்கலாம். அதிலும், துண்டில் ஊர்ப் பெயரும் தேதியும் படிக்க முடிந்தால் அப்படியே விடுங்கள். படிக்க முடியாவிட்டாலும் ஸ்டாம்ப் மலாயாவுடையதா என்று பாருங்கள். வட்டிக்கடைக்காரர்களுக்குப் பினாங்கிலிருந்தும் கடிதம் வந்திருக்கும். அந்தப் பழைய ஸ்டாம்புகள் சிலவற்றின் மை நீரில் கரையும். முத்திரையைக் கழுவி மறுபடி ஒட்டிவிடக் கூடாதென்று வேண்டுமென்றே அப்படி அச்சடித்தார்கள். ஐந்து நிமிடத்தில் ராஜா வெளுத்துவிடுவார்.

லேமினேஷன் வேண்டாம். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு கவரையும் இரண்டு பக்கமும் செல்போனில் படமெடுத்து, தேதிவாரியாக நோட்டில் எழுதுங்கள். விலை கேட்க இரண்டு மூன்று ஏல நிறுவனங்களுக்கு அந்தப் படங்களை அனுப்பினால் போதும், பெட்டி வீட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை. கவருக்குள் கடிதம் இருந்தால் அதையும் உருவித் தனியே வைக்காதீர்கள்.