டீச்சர் 'ஆனால்' என்று சொன்ன பிறகு

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் எடிசன் ஊருக்கு வந்து மூன்று மாதம், இரண்டாம் வகுப்புப் பையனுக்கு வகுப்பில் கவனம் நிற்கவில்லை என்று டீச்சர் சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. கூடவே கார், வாடகை. அதையெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

டீச்சர் சரியாக என்ன சொன்னார்? நான் 2006 ஜனவரியில் வந்தவன். என் பெண்ணின் டீச்சர், "எவ்வளவு இனிமையான குழந்தை! ஆனால் சில நேரம் கனவில் மிதக்கிறாள்" என்றார். இனிமையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டில் வந்து பெருமையடித்தேன். இங்கே குறையைப் பாகில் தோய்த்துத்தான் தருவார்கள். 'ஆனால்' வந்த பிறகு காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

அப்புறம், வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். பள்ளி வாசலில் நின்று மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் "பார்க்கலாம்". பையனுக்குப் படிப்பில் தனி உதவி வேண்டுமா என்று பரிசோதிக்கச் சொல்லி, தேதி போட்டு, பள்ளியிடம் எழுதிக் கொடுங்கள். நியூ ஜெர்சியில் கடிதம் கிடைத்த 20 நாளுக்குள், பள்ளி விடுமுறை நீங்கலாக, அவர்கள் உங்களை உட்காரவைத்துப் பேசியாக வேண்டும். பரிசோதிக்கலாம் என்று முடிவாகி நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டால், 90 நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். செலவு பள்ளியுடையது.

தனி வகுப்பில் தள்ளிவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். '504 பிளான்' என்று ஒன்று உண்டு, வழக்கமான வகுப்பிலேயே வைத்துப் பிள்ளைக்குத் தேவையான சலுகைகளைத் தரும் ஏற்பாடு; குறைபாடு உள்ளவர்களை ஒதுக்கக் கூடாது என்ற 1973 சட்டத்தில் வந்தது. என் பெண்ணுக்கு அதில் கிடைத்தது முன்வரிசை இடம், துண்டு துண்டாகப் பிரித்த வேலை, பரீட்சையில் கூடுதல் நேரம். அவ்வளவுதான். கவனம் நிற்க மாத்திரை கொடுத்தால்தான் பள்ளிக்கு வரலாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. அது டாக்டரிடம் பேச வேண்டியது.

கோயில் பிரசாத வரிசையில் நம்மாட்கள் சொல்வார்கள்: "ரெக்கார்டில் ஏறினால் காலேஜ் போச்சு." கல்லூரிக்குப் போகும் மதிப்பெண் பட்டியலில் அது இருக்காது. இதே ஆட்கள்தான் சனிக்கிழமை கணக்கு, ஞாயிற்றுக்கிழமை ஸ்பெல்லிங் என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு அலைவார்கள். சரி, நானும் இழுத்தவன்தான்.

அப்போது எங்களுக்கு ஒற்றைப் படுக்கையறை வீடு. இரவில் ஹீட்டர் குழாய் டொக் டொக்கென்று அடிக்கும். பெண் பென்சிலை வைத்துவிட்டு அந்தத் தாளத்தை மேசையில் விரலால் போடுவாள். "கவனிடீ" என்று கத்துவேன். கவனித்துக்கொண்டுதான் இருந்தாள், குழாயை.