வலைப்பதிவுகளை எங்கே போய்த் தேடுவது?

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, வலைப்பதிவு முகவரிகளை எழுதிவைத்த இரண்டு குயர் நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அந்த நோட்டைப் பற்றித்தான். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்துவைத்துவிட்டேன்.

கேள்வி: கூகுளில் எதைத் தேடினாலும் கடைகளும் செய்தித் தளங்களும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. தனி ஆள் ஒருவர் தன் போக்கில் எழுதுகிற வலைப்பதிவுகளை எப்படிக் கண்டுபிடிப்பது?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

தேடுகிற சொல்லை முதலில் மாற்றிப் பாரம்மா. 'மாடித் தோட்டம் அமைப்பது எப்படி' என்று தட்டினால், அதே வரியைத் தலைப்பாக வைத்துக்கொண்டு காத்திருக்கிற தளங்கள்தான் வரும். உண்மையில் மாடியில் தொட்டி வைத்திருப்பவர் அப்படி எழுதமாட்டார். 'எங்க மொட்டை மாடியில கத்தரி', 'இந்த வருஷம் அவரை காய்க்கவே இல்லை' என்றுதான் எழுதியிருப்பார். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் எப்படிச் சொல்வாரோ அப்படியே தட்டிப் பார். 'சின்ன வயசுல', 'எங்க ஆத்தா', 'அந்த வருஷம் வெள்ளத்துல' என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்தால் இன்னும் நல்லது. கூடவே, 'சைட்' என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி போட்டு, வலைப்பதிவுகள் குடியிருக்கும் பிளாக்ஸ்பாட் அல்லது வேர்ட்பிரஸ் முகவரியைச் சேர்த்துவிடு (site:blogspot.com என்பது மாதிரி). அந்த இடத்துக்குள் மட்டும் தேடும்.

இப்படி ஒரே ஒரு நல்ல பதிவு கிடைத்துவிட்டால் அப்புறம் கூகுள் வேண்டாம். பக்கத்தின் ஓரத்தைப் பார். 'நான் படிப்பவை', 'நண்பர்கள் வீடு' என்று ஏதோ ஒரு பெயரில் பத்துப் பதினைந்து சுட்டிகள் இருக்கும். ஒருவர் ஆண்டுக்கணக்கில் படித்துப் பிடித்துப்போய்த் தன் வீட்டு வாசலில் எழுதிவைத்த பெயர்கள் அவை. அதைவிட நல்ல சிபாரிசு எந்த இயந்திரத்திடமும் கிடைக்காது.

நான் தொடங்கியதே அப்படித்தான். 2006. மதுரை காளவாசல் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு இருபது ரூபாய். போடி பாசஞ்சரைப் பற்றி ஒருவர் எழுதியிருந்ததைத் தற்செயலாகப் படித்தேன். அப்போது அது மீட்டர் கேஜ் வண்டி. ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி எப்படி மூச்சு வாங்கும், உசிலம்பட்டியில் யார் யார் எந்தக் கூடையோடு ஏறுவார்கள் என்று நான்கு பக்கம். அவர் ஓரப்பட்டியில் ஏழு பெயர்கள். அதில் ஒருவர் மஸ்கட்டில் நர்ஸ். அவர் பக்கத்திலிருந்து, மலேசியாவில் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் போனேன். அங்கே பின்னூட்டம் எழுதியிருந்த ஒரு பெயரைச் சொடுக்கினால் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் பதிவு. ஒரு மணி நேரம் முடிந்து கடைக்காரத் தம்பி வந்து தட்டும்போது நான் பருத்தித்துறையில் இருந்தேன். மறுநாள் அந்த முகவரிகள் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு வாங்கியதுதான் அந்த நோட்டு.

கேள்வி: தமிழ்மணம் போல இப்போது ஏதும் இல்லையா?
— பழைய பதிவர், கோயம்புத்தூர்

இல்லை சார். அது போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய திரட்டி அது. தமிழில் யார் எங்கிருந்து புதிதாக எழுதினாலும் நேர வரிசையில் ஒரே பக்கத்தில் வந்து விழும். யார் பதிவில் இப்போது பேச்சு நடக்கிறது என்பதற்குத் தனியாக ஒரு பட்டியல். வாரத்துக்கு ஒருவரை நட்சத்திரமாக வைப்பார்கள், அந்த வாரம் முழுக்க அவர் எழுதுவார். எனக்கு அதில் பிடித்தது அந்தக் கலவைதான். மேலே சாதி அரசியல் பற்றிப் பெரிய சண்டை, அடுத்து வத்தக்குழம்பு, அதற்கடுத்து புகைப்படத்தில் வெளிச்சம் பார்ப்பது எப்படி, அதற்குக் கீழே அப்பா இறந்த மறுவாரம் ஒருவர் எழுதியது. எனக்கு எது பிடிக்கும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. எழுதப்பட்ட வரிசையில் வந்தது, அவ்வளவுதான். நான் தேடிப் போயே இருக்கமாட்டாத மனிதர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் கிடைத்தார்கள்.

அப்புறம் எழுதியவர்களில் பெரும்பகுதி முகநூலுக்குப் போனார்கள். தேன்கூடு போன்ற மற்றத் திரட்டிகளும் இல்லை. ஆனால் வலைச்சரத்தை மறந்துவிடாதீர்கள். வாரம் ஒரு பதிவர் ஆசிரியராக உட்கார்ந்து, தான் படித்த மற்றவர்களின் பதிவுகளை அறிமுகம் செய்வார். அதன் பழைய பக்கங்களைத் தேடி எடுத்துப் படியுங்கள். சுட்டிகளில் நிறைய செத்திருக்கும், உயிரோடு இருப்பவையே மாதக்கணக்கில் படிக்கப் போதும்.

ஆங்கிலம் படிப்பீர்கள் என்றால் அங்கே நிலைமை நம்பிக்கையாக இருக்கிறது. இங்கிலாந்தில் ஃபில் கிஃபோர்ட் என்பவர் 2022-ல் 'ஊ டைரக்டரி' என்று வலைப்பதிவுகளுக்கான ஒரு அடைவு தொடங்கினார். பறவைகள், ரயில், கணக்கு, தையல் என்று பிரித்து, ஒவ்வொருவரும் கடைசியாக எப்போது எழுதினார் என்பதையும் காட்டுகிறது. சுவீடனில் ஒருவர் தனி ஆளாக 'மார்ஜினாலியா' என்று தேடுபொறி கட்டியிருக்கிறார். பளபளப்பான பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளி, எழுத்து நிறைந்த பக்கங்களை முன்னால் கொண்டுவருவதுதான் அதன் வேலை. 'காகி' தேடுபொறிக்காரர்கள் 'ஸ்மால் வெப்' என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்த அழுத்த யாரோ ஒருவருடைய புதிய பதிவு வந்துகொண்டே இருக்கும். பிளாக்ஸ்பாட் தலையில் ஒரு காலத்தில் இருந்த 'அடுத்த வலைப்பதிவு' பொத்தான் உங்களுக்கு ஞாபகம் வரும்.

அந்த ஃபில் கிஃபோர்ட் இன்னொரு காரியமும் செய்தவர். பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் சாமுவேல் பீப்ஸ் எழுதிய நாட்குறிப்பை 2003-லிருந்து நாளுக்கு ஒரு பதிவாக இணையத்தில் ஏற்றினார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளைதான் நினைவுக்கு வருவார். 1736-ல் தொடங்கி 1761 வரை எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யார் என்ன சொன்னார்கள், ஊரில் என்ன பேச்சு என்று பேசுகிற தமிழிலேயே. துரைமார்களின் சண்டையை எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். அந்த ஊரில் ஒரு சாதாரண நாள் எப்படிப் போனது என்று தெரிந்துகொள்ள அவரிடம்தான் போகவேண்டும். இன்றைக்கு அந்த வேலையைச் செய்கிறவர்களைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நான் படிக்கிற ஐந்து வலைப்பதிவும் சமையலும் கோயிலுமாகவே இருக்கின்றன. பலதரப்பட்டவற்றைப் படிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

தலைப்பை வைத்துத் தேடாதீர்கள் டீச்சர், தொழிலையும் ஊரையும் வைத்துத் தேடுங்கள். என் நோட்டில் முதலில் 'கவிதை', 'சினிமா', 'சமையல்' என்றுதான் பிரித்திருந்தேன். ஒரு வருஷத்தில் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிட்டது. பிறகு பக்கங்களை மாற்றி எழுதினேன்: 'கப்பலில் இருப்பவர்', 'மயக்க மருந்து டாக்டர்', 'குவைத்தில் டிரைவர்', 'கிணறு வெட்டுகிறவர் மகன்', 'பஞ்சாலை ஷிப்ட்'. காலியாக இருந்த பக்கங்களை நிரப்பவே தேடினேன். அதில்தான் கண் திறந்தது.

நீங்கள் விரும்பும் சமையலிலேயே தொடங்கலாம், ஆனால் கடலைத் தாண்டிப் போங்கள். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் ஒடியல் கூழ் காய்ச்சுவதை எழுதியிருந்தார். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா, நண்டு, இறால், பயற்றங்காய், புளி. சட்டியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து பலா இலையைக் கோலிக்கொண்டு குடிப்பது. எனக்குக் 'கதிரை' என்றால் நாற்காலி, 'குசினி' என்றால் அடுப்படி என்று அந்தப் பதிவில்தான் தெரியும். கீழே பின்னூட்டத்தில் கனடாவிலிருந்து ஒரு பெண், 'இங்கே பலா இலை இல்லை, அலுமினியத் தாளை மடித்துக் குடித்தோம்' என்று எழுதியிருந்தார். அந்தப் பின்னூட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பதிவுக்குப் போனேன். முதல் பனிக்காலத்தில் பஸ் நிறுத்தத்தில் நின்றதைப் பற்றி எழுதியிருந்தார். சமையலில் தொடங்கி எங்கே போய்விட்டேன் பாருங்கள்.

கேள்வி: பிடித்த பதிவைக் குறித்துவைக்கிறேன், ஆனால் திரும்பப் போகவே மறந்துவிடுகிறேன்.
— வாசகர், சேலம்

ஓடை படிப்பான் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆர்எஸ்எஸ் என்று சொல்வார்கள். பெரும்பாலான வலைப்பதிவுகளில் புதிய பதிவுகளைத் தானாக வெளியே அனுப்புகிற ஓர் ஓடை இருக்கும். ஃபீட்லி, ஐநோரீடர் மாதிரி ஒன்றில் அந்த வலைப்பதிவின் முகவரியைப் போட்டால் போதும், ஓடையை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஒருவர் எட்டு மாதம் கழித்து எழுதினாலும் உங்களிடம் வந்து சேரும். நமக்குப் பிடித்தவர்களில் பாதிப் பேர் அப்படி எப்போதாவது எழுதுகிறவர்கள்தான்.

பட்டியலின் நகல் ஒன்றை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் ரீடர் என்ற ஓடை படிப்பான் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டபோது பலருடைய பட்டியல் அதோடு போயிற்று. என்னிடம் நோட்டு இருந்தது.

கேள்வி: மனிதர் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், ஈரோடு

பழைய பதிவுகளுக்குப் போங்கள். பத்து வருஷத்து எழுத்து இருக்கிறதா, அதில் பிள்ளை வளர்ந்திருக்கிறதா, வேலை மாறியிருக்கிறதா, 'போன பதிவில் தப்பாகச் சொல்லிவிட்டேன், ஒரு நண்பர் திருத்தினார்' என்று எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். பஸ் நம்பர், கடைத்தெரு, அந்த வாரத்து மழை என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கும்.

கேள்வி: நான் வருஷக்கணக்கில் படித்த ஒரு வலைப்பதிவு திடீரென்று காணாமல் போய்விட்டது. மீட்க வழி உண்டா?
— வாசகி, நாகர்கோவில்

பெரும்பாலும் உண்டு. பழைய முகவரியை எழுத்துப் பிசகாமல் கண்டுபிடியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996-லிருந்து இணையப் பக்கங்களைப் படி எடுத்து வைக்கிறது. அதன் 'வேபேக் மெஷின்' பக்கத்தில் அந்த முகவரியைப் போட்டால், எந்தெந்தத் தேதியில் படி எடுத்தார்கள் என்று நாட்காட்டி மாதிரி காட்டும். வருஷா வருஷம் பணம் கட்டுகிற சொந்த முகவரிகள்தான் சீக்கிரம் போகின்றன. எழுதியவர் காலமாகிவிட்டால் வீட்டில் யாருக்கும் அதைப் புதுப்பிக்கத் தெரிவதில்லை.

எனக்கும் ஒருவர் அப்படிப் போனார். ஓய்வுபெற்ற சர்வேயர். தான் சங்கிலி பிடித்து அளந்த கண்மாய்களைப் பற்றி ஒவ்வொன்றாக எழுதிவந்தார்: மடை எத்தனை, கலிங்கு எந்தப் பக்கம், எந்த வருஷம் உடைந்தது, எங்கே பட்டா போட்டார்கள் என்று. ஒருநாள் முகவரியைத் தட்டினால் 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்று வந்தது. ஆர்க்கைவில் பதினொரு பதிவுகள் கிடைத்தன. நான் படித்தவை நாற்பதுக்கு மேல் இருக்கும். படங்கள் ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து, பிடித்த பதிவைப் படித்து முடித்ததும் அதே ஆர்க்கைவில் 'இந்தப் பக்கத்தைச் சேமி' என்ற இடத்தில் முகவரியைப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஒரு நிமிஷ வேலை, நீங்களும் செய்யுங்கள்.

கேள்வி: பின்னூட்டம் எழுதக் கூச்சமாக இருக்கிறது. 'அருமை' என்று மட்டும் எழுதினால் போதுமா?
— வாசகர், விருதுநகர்

அருமை என்பதோடு ஒரு கேள்வி சேருங்கள் தம்பி. அந்தப் போடி பாசஞ்சர் பதிவின் கீழே, 'வண்டி ஆண்டிபட்டியில் எத்தனை நிமிஷம் நிற்கும்?' என்றுதான் நான் முதன்முதலில் எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. நின்ற நேரத்தைச் சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த டீக்கடையைப் பற்றித் தனியாக ஒரு பதிவே போட்டிருந்தார்.