விடுதித் தோழிகள் பூசும் கிரீமை நானும் வாங்கலாமா?

முதலாண்டு மாணவி என்கிறீர்கள். அறைத்தோழிகள் பூசும் கிரீமால் பத்தே நாளில் பருக்கள் அமுங்கி முகம் வெளுத்துவிட்டது, மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே தருகிறார்கள், நானும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அதே போன்ற ஒரு டியூபை நான்கு மாதம் பூசியவள் நான்.

கோவையில் விடுதியில் தங்கி முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். அத்தை மகள் கல்யாணத்துக்கு முன்பு, "இப்படிக் கறுத்துப்போய்விட்டாயே" என்று சித்தி சொன்னது மனதில் தைத்துவிட்டது. பக்கத்துக் கட்டில் தோழி தன் டியூபை நீட்டினாள். கல்யாணப் படங்களில் முகம் பளிச்சென்றுதான் இருந்தது. செமஸ்டர் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அதை விடுதியிலேயே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் கன்னமெல்லாம் சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. அடுத்த வாரம் முன்பு இல்லாத இடங்களில்கூடப் பருக்கள். சூடு என்று நினைத்து அம்மா சந்தனம் அரைத்துப் போட்டார். எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

தோல் மருத்துவர் டியூபின் பெயரைக் கேட்டு, அதில் இருப்பவற்றைச் சொன்னார்: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன். மங்குக்கு, அதாவது முகத்தில் படரும் கருந்திட்டுகளுக்கு, சில வாரங்கள் மட்டும், மருத்துவரின் கண்காணிப்பில் பூச வேண்டிய மருந்து அது. மூன்றாவதாக இருப்பது ஸ்டீராய்டு. அது தோலின் ரத்த நாளங்களைச் சுருக்குவதால் சிவப்பு அடங்கி முகம் வெளுத்தாற்போல் தெரிகிறது. நிறுத்தியதும் அந்த நாளங்கள் விரிந்து சிவப்பும் எரிச்சலும் திரும்புகின்றன. அதற்குப் பயந்து மறுபடி பூசுவோம். தோல் மெலிந்துகொண்டே போகும். சிலருக்கு முகத்தில் முடியும் வளரும். என் முகம் பழையபடி ஆக எட்டு மாதம் பிடித்தது.

2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை 'ஷெட்யூல் எச்' பட்டியலில் சேர்த்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. ஆகவே டியூபில் பொடி எழுத்தைப் படியுங்கள். '-சோன்', '-சால்' என்று முடியும் பெயர் இருந்தால் விசாரிக்காமல் தொடாதீர்கள்.

ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. நம் வீட்டுப் பெரியவர்களின் பேச்சிலிருந்துதான் அது இன்னும் போகவில்லை. எனக்கு அதுதான் கோபம்.

இப்போது நான் பூசுவது மிகக் குறைவு. மணமில்லாத மென்மையான ஃபேஸ்வாஷ், சாதாரண மாய்ஸ்சரைசர், பகலில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன். சன்ஸ்கிரீனைப் பொட்டளவு வைத்தால் பயனில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்கு எடுக்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றை நேரடியாகத் தேய்க்காதீர்கள், அதுவும் எரிக்கும். நெற்றியில் மட்டும் பரு வருகிறதென்றால் தலையில் வைக்கும் எண்ணெய் வழிகிறதா என்று பாருங்கள். இரவில் வைத்துத் தூங்குவதை நிறுத்தியதும் எனக்கு நெற்றி தெளிந்தது. பருவுக்கு மருத்துவர் அடாபலீன் என்ற பூச்சு மருந்தை எழுதிக்கொடுத்தால் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம், பொறுத்திருங்கள்.

உங்கள் தோழிகளிடமும் இதைச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் பூசியவர்கள் பயந்துபோய்த் தாங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். எப்படிக் குறைப்பது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கையில் பணமில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்த டியூபையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.