நர்ஸிங் சீட்டு கிடைக்குமா, கிடைத்தால் தாங்குமா? அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருஷப் படிப்பு தரும் அரசுக் கல்லூரியில்) ஏடிஎன் எனப்படும் அசோசியேட் டிகிரி நர்ஸிங் படிப்பைப் பற்றியவை. எழுதியவர்கள் பெரும்பாலும் ஊரில் வேறு ஏதோ படித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு யோசிக்கிறவர்கள். விதிமுறை மாநிலத்துக்கு மாநிலம், ஒரே மாநிலத்தில் காலேஜுக்குக் காலேஜ் மாறும். நான் வார்டில் வேலை பார்த்ததும், இப்போது மாணவர்களை கிளினிக்கலுக்கு (மருத்துவமனை வார்டுப் பயிற்சிக்கு) அழைத்துப் போவதும் கலிஃபோர்னியாவில். அதனால் உதாரணங்கள் அங்கிருந்தே அதிகம் வரும்.

கோவையில் பி.இ. படித்தவள். வயது 38. கிரீன் கார்டு வந்துவிட்டது. இரண்டு வருஷப் படிப்பு என்கிறார்கள். 40-க்குள் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆகிவிடலாமா அக்கா?
— சான் ஹோசே வாசகி

ஆக முடியாது. 42 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷக் கணக்கு, நர்ஸிங் வகுப்பில் போய் உட்கார்ந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் அனாடமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றையும் லேபோடு முடித்திருக்க வேண்டும். பல காலேஜ்களில் இவற்றுக்குள் நுழையவே ஒரு கெமிஸ்ட்ரி வகுப்பு கேட்பார்கள். கூடவே ஆங்கிலக் கட்டுரை, புள்ளியியல், உளவியல். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று சங்கிலியாக இருப்பதால் பணம் கொடுத்தும் அவசரப்படுத்த முடியாது. இதுவே ஒன்றரை வருஷம். அப்புறம் விண்ணப்பம், காத்திருப்பு.

உங்கள் பி.இ. முழுக்க வீண் போகாது. டிரான்ஸ்கிரிப்டை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துச் சான்று வாங்கினால் பொதுப் பாடங்கள் சில கழிந்துவிடலாம். அறிவியல் பாடங்கள் கழியாது. ஐந்து அல்லது ஏழு வருஷத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று நிறைய காலேஜ்கள் நிபந்தனை வைத்திருக்கின்றன. இந்த வேலையை இன்றே தொடங்குங்கள். ஊரிலிருந்து சீல் வைத்த கவர் வந்து சேர்வதற்குள் ஒரு செமஸ்டர் ஓடிவிடும்.

பண விஷயத்தில் ஒரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. கிரீன் கார்டு இருப்பதால் ஃபாஃப்ஸா எனும் ஃபெடரல் அரசின் கல்வி உதவி விண்ணப்பம் போடலாம். ஆனால் திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட் உதவித்தொகை கிடைக்காது. ஏற்கெனவே இளநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்கு அது கிடையாது, பட்டம் இந்தியாவில் வாங்கியதானாலும் சரி. ஃபெடரல் கடன் வாங்கலாம். கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் யூனிட் (கிரெடிட்) ஒன்றுக்கு 46 டாலர்தான் என்பதால் கடன் இல்லாமலே சமாளிக்கிறவர்கள் உண்டு.

வேறு வழியும் இருக்கிறது. கையில் பட்டம் இருப்பவர்களுக்கு 12 முதல் 18 மாதத்தில் முடிகிற துரித பிஎஸ்என் (நர்ஸிங் இளநிலைப் பட்டம்) இருக்கிறது. முன்தேவைப் பாடங்கள் அதற்கும் உண்டு. தனியார் கல்லூரி என்றால் செலவு பல பத்தாயிரம் டாலர். விளம்பரத்தைப் பார்த்துச் சேராதீர்கள். என்கிளெக்ஸ் எனும் ஆர்.என். லைசென்ஸ் தேர்வில் அந்தந்தக் கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தை மாநில நர்ஸிங் போர்டு வெளியிடுகிறது. அதையும் அங்கீகாரத்தையும் பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

எல்லாப் பாடத்திலும் ஏ, ஒரே ஒரு பி. இரண்டு முறை விண்ணப்பித்தும் சீட் இல்லை. என்னைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய தோழிக்குக் கிடைத்துவிட்டது. இது என்ன நியாயம்?
— ஃப்ரீமாண்ட் வாசகி

உங்கள் தோழி விண்ணப்பித்தது குலுக்கல் முறைக் காலேஜாக இருக்கலாம். தகுதி உள்ள எல்லோருடைய பெயரையும் போட்டு எடுப்பார்கள். சில இடங்களில் காத்திருப்புப் பட்டியல், சில இடங்களில் புள்ளிக் கணக்கு. எந்தக் காலேஜ் எந்த முறை என்று தெரியாமல் விண்ணப்பிப்பது வீண் வேலை. புள்ளிக் கணக்கு வைக்கும் இடங்களில்தான் உங்கள் ஏ-க்களுக்கு மதிப்பு.

புள்ளி மதிப்பெண்ணுக்கு மட்டும் கிடையாது. கலிஃபோர்னியச் சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது: ஏற்கெனவே உள்ள பட்டம், மருத்துவமனை வேலை அல்லது தன்னார்வப் பணி, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவரா, வருமானம் குறைவா, படித்துக்கொண்டே வேலை பார்க்கிறவரா என்று போகும். ஆங்கிலம் அல்லாத மொழித் திறமைக்கும் புள்ளி உண்டு. அந்த மொழிகளின் வரிசையில் இந்தியத் துணைக்கண்டத்து மொழிகளையும் சட்டம் குறிப்பிடுகிறது. தமிழுக்கு உங்கள் காலேஜ் என்ன சான்று கேட்கிறது என்று கவுன்சிலரிடம் விசாரியுங்கள். ‘நமக்கெல்லாம் எங்கே’ என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்புறம் டீஸ் நுழைவுத் தேர்வு. 209 நிமிடத்தில் 170 கேள்விகள்: வாசிப்பு, கணிதம், அறிவியல், ஆங்கிலம். கலிஃபோர்னிய கம்யூனிட்டி காலேஜ்களில் 62 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ஆனால் தேர்ச்சி மட்டும் போதாது. புள்ளி மேலே போகப்போகத்தான் கூடும். நம்மவர்கள் கணிதத்தில் அள்ளுவார்கள், வாசிப்பில் விடுவார்கள். ஒரு பத்தியைக் கொடுத்து ஆசிரியரின் தொனி என்ன என்று கேட்டால் நமக்குப் பழக்கமில்லை. அங்கே பயிற்சி எடுங்கள்.

சீட் ஏன் இவ்வளவு குறைவு என்றால், கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. வார்டில் நிற்கும் நர்ஸுக்குக் கிடைக்கும் சம்பளம் பெரும்பாலும் ஆசிரியைக்குக் கிடைப்பதில்லை. மருத்துவமனைகளிலும் பயிற்சி மாணவர்களுக்கு இடம் கொஞ்சம்தான். அதனால் ஒரே காலேஜை நம்பி உட்காராதீர்கள். காரில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள எல்லாவற்றுக்கும் போடுங்கள்.

எச்-4 விசாவில் (கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்தது) இருக்கிறேன். படிக்கலாமா?
— எடிசன், நியூ ஜெர்சி

படிக்கலாம், தடையில்லை. சிக்கல் படித்து முடித்த பிறகுதான். வேலை அனுமதி வேண்டுமென்றால் உங்கள் கணவருக்கு ஐ-140 (வேலை வழிக் கிரீன் கார்டு மனு) ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும் அல்லது எச்-1பி ஆறு வருஷத்தைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் எச்-4 இஏடி எனும் வேலை அனுமதி அட்டை. ஏடிஎன் பட்டத்தை வைத்துக்கொண்டு எச்-1பி வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைந்தது இளநிலைப் பட்டம் கேட்கும் வேலைக்குத்தான் அது. கிரீன் கார்டுக்கு நர்ஸ்கள் ‘ஷெட்யூல் ஏ’ எனும் ஆள் பற்றாக்குறை வேலைப் பட்டியலில் இருப்பதால் லேபர் சர்டிஃபிகேஷன் (உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்ற சான்று) என்ற கட்டம் மட்டும் தேவைப்படாது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான நீண்ட வரிசை அப்படியேதான் இருக்கிறது. படிக்கும்போது சம்பளத்தோடு மருத்துவமனைப் பயிற்சி வேலை வந்தாலும் இஏடி இல்லாமல் தொடக்கூடாது. லைசென்ஸ் விண்ணப்பத்துக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயமா என்று மாநில போர்டிடம் முதல் செமஸ்டருக்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

சீட் கிடைத்துவிட்டது! ஆனால் கையில் போட்ட டிபி ஊசி வீங்கி, பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டார்கள். பயமாக இருக்கிறது.
— டாலஸ் வாசகி

வாழ்த்துகள். பயப்பட வேண்டாம். தோளில் பிசிஜி தழும்பு இருக்கும், பாருங்கள். குழந்தையில் போட்ட அந்தத் தடுப்பூசியாலேயே தோல் பரிசோதனை பாசிட்டிவ் காட்டலாம். ‘எனக்கு பிசிஜி போட்டிருக்கிறது, இரத்தப் பரிசோதனை எடுங்கள்’ என்று கேளுங்கள். குவாண்டிஃபெரான் போன்ற சோதனைகளை பிசிஜி பாதிக்காது. அதுவும் பாசிட்டிவ் என்றால் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே உறங்கும் கிருமிக்கு மருந்து உண்டு, படிப்பு போகாது.

கூடவே இன்னொன்று: சின்ன வயதில் அம்மை போட்டது என்று அம்மா சொன்னால் இங்கே செல்லாது. அம்மை, தட்டம்மை, ஹெபடைடிஸ் பி எல்லாவற்றுக்கும் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரிப்போர்ட் கேட்பார்கள். ஹெபடைடிஸ் பி ஊசியை முதலிலிருந்து போட வேண்டியிருந்தால் வழக்கமான முறையில் ஆறு மாதம் இழுக்கும். சீட் வரும் வரை காத்திருக்காமல் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களுக்கும் சொல்கிறேன்.

பிளஸ் டூ உயிரியலில் 200-க்கு 196 வாங்கியவள் நான். முதல் நர்ஸிங் பரீட்சையில் 71. புத்தகம் முழுக்க மனப்பாடம். 75-க்குக் கீழே ஃபெயில் என்கிறார்கள். எங்கே தப்பு?
— சாக்ரமெண்டோ வாசகி

மனப்பாடத்தில்தான். நம் ஊர்ப் பரீட்சை, தெரியுமா என்று கேட்கும். இந்தப் பரீட்சை, தெரிந்ததை வைத்து என்ன செய்வாய் என்று கேட்கிறது. ஒன்று காட்டுகிறேன்.

உங்களிடம் நான்கு நோயாளிகள். முதலாமவர் முழங்கால் மாற்று அறுவை முடிந்து மறுநாள். வலி பத்துக்கு எட்டு. இரண்டாமவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஆக்ஸிஜன் 90. மூன்றாமவருக்குக் காலையில் தைராய்டு எடுத்திருக்கிறார்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது இப்போது கீச்சென்று சத்தம். நான்காமவர் சர்க்கரை நோயாளி. சாப்பாட்டுக்கு முன் 210. யாரை முதலில் பார்ப்பீர்கள்?

புத்தகத்தை மட்டும் படித்தவர் 90-ஐப் பார்த்து ஓடுவார். அந்த நோய்க்கு 88 முதல் 92 வரை வைத்திருப்பதே வழக்கம். அவர் எப்போதும்போல இருக்கிறார். வலி பாவம்தான், ஆனால் அதனால் உயிர் போகாது. சர்க்கரைக்கு இன்சுலின் கொடுக்க நேரம் இருக்கிறது. தைராய்டு எடுத்தவருக்கோ கழுத்துக்குள் இரத்தம் கட்டி மூச்சுக்குழாயை நெரித்துக்கொண்டிருக்கலாம். அங்கேதான் போக வேண்டும். ‘எதிர்பார்த்த மாற்றமா, எதிர்பாராததா? பழையதா, புதிதா? மூச்சுப் பாதையா, மற்றதா?’ இந்த மூன்றையும் ஒவ்வொரு கேள்வியிலும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிமேல் அத்தியாயத்தை ஒரு முறை படித்தால் போதும். மிச்ச நேரமெல்லாம் பயிற்சிக் கேள்விகள். விடை சரியானாலும் மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து படித்தால் இது தானாக நடக்கும். பரீட்சைத் தாளைத் திருப்பிப் பார்க்க ஆசிரியையின் அலுவலக நேரத்தில் போங்கள். நம் பிள்ளைகள் வாத்தியாரிடம் போகக் கூச்சப்படுகிறார்கள்; அந்த நேரம் ஒதுக்கியிருப்பதே உங்களுக்காக. 74.6 வாங்கிவிட்டு ‘75 ஆக்குங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். பெரும்பாலான நர்ஸிங் துறைகளில் முழு எண்ணாக்கும் பழக்கமே இல்லை.

மருந்துக் கணக்குப் பரீட்சையில் 90 சதவீதம் எடுக்காவிட்டால் வார்டுக்கு விடமாட்டார்களாமே?
— ஹூஸ்டன் வாசகர்

ஆமாம், சில காலேஜ்களில் நூறே கேட்பார்கள். கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். எடை 176 பவுண்ட். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்து கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட். பையில் 250 மில்லியில் 25,000 யூனிட். பம்பை எவ்வளவில் வைப்பீர்கள்? 176-ஐ 2.2-ஆல் வகுத்தால் 80 கிலோ. 80 தடவை 18 என்றால் 1,440 யூனிட். ஒரு மில்லியில் 100 யூனிட். மணிக்கு 14.4 மில்லி. தப்பு வருவது பவுண்டை கிலோவாக்க மறப்பதிலும் புள்ளியிலும்தான். 0.5 என்பதை வெறும் .5 என்று எழுதினால் தப்பு. 5 என்பதை 5.0 என்று எழுதினாலும் தப்பு. புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் போய் பத்து மடங்கு மருந்து ஏறிய கதைகளால் வந்த விதி இது.

என் தங்கை மதுரையில் பி.எஸ்சி. நர்ஸிங் முடித்தவள். கல்யாணமாகி இங்கே வருகிறாள். கம்யூனிட்டி காலேஜில் சேர்க்கலாமா?
— சியாட்டில் வாசகர்

வேண்டவே வேண்டாம். சான்றுகளை மதிப்பீட்டுக்கு அனுப்பி, மாநில போர்டில் விண்ணப்பித்து நேராக என்கிளெக்ஸ் எழுதலாம். போர்டு ஏதாவது பாடம் குறைகிறது என்றால் அதை மட்டும் படித்தால் போதும். கலிஃபோர்னியாவில், தியரியும் அதற்கான வார்டுப் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்ததா என்று நோண்டுவார்கள். அதனால் மாநிலத்தைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

என் மனைவி நர்ஸிங்கில் சேரப் போகிறார். நான் என்ன உதவி செய்ய வேண்டும்?
— சார்லட் வாசகர்

கேட்டதற்கே நன்றி. கிளினிக்கல் நாளில் காலை ஆறரைக்கு அவர் வார்டில் இருக்க வேண்டும். அதனால் பிள்ளைகளை எழுப்புவது, டப்பா கட்டுவது, பள்ளியில் விடுவது எல்லாம் உங்கள் வேலை. ‘ஹெல்ப்’ என்று சொல்லாதீர்கள். முந்தைய இரவு கேர் பிளான் (நோயாளிப் பராமரிப்புத் திட்டம்) எழுதிக்கொண்டிருப்பார். சாம்பாரில் உப்பு இல்லை என்று அப்போது பேச வேண்டாம். அம்மா, அப்பாவை ஊரிலிருந்து வரவழைப்பதானால் முதல் செமஸ்டருக்கு வரவழையுங்கள்.

ஏடிஎன் முடித்தால் வேலை கிடைக்குமா? பிஎஸ்என் இல்லாவிட்டால் மதிப்பில்லை என்கிறார்களே.
— குயின்ஸ், நியூ யார்க்

இரண்டு பேரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ்: 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம், கையில் வருவது ஒரே ஆர்.என். லைசென்ஸ். ஏடிஎன்னே 1952-ல் நர்ஸ் பற்றாக்குறையைச் சமாளிக்க நர்ஸிங் கல்வியாளர் மில்ட்ரெட் மாண்டாக் சோதனையாகத் தொடங்கியதுதான். டெக்னீஷியன் நிலையில் ஒருவரை உருவாக்குவது அவர் எண்ணம், படித்தவர்கள் ஆர்.என். தேர்வையே எழுதித் தேறிவிட்டார்கள்.

ஆனால் பெரிய நகரத்து மேக்னட் (நர்ஸிங் தரத்துக்கு அங்கீகாரம் பெற்ற) மருத்துவமனைகள் பிஎஸ்என் கேட்கின்றன, அது உண்மை. உங்கள் மாநிலத்தில் சட்டமே உண்டு: 2017 டிசம்பரில் கையெழுத்தானது. லைசென்ஸ் வாங்கிய பத்து வருஷத்துக்குள் பிஎஸ்என் முடிக்க வேண்டும். அதனால் ஏடிஎன் முடித்து, நர்ஸிங் ஹோமோ டயாலிசிஸ் சென்டரோ முதல் வேலை எதுவானாலும் பிடித்து, ஆன்லைனில் ஆர்.என்.-பிஎஸ்என் சேர்ந்துவிடுங்கள். பல மருத்துவமனைகள் அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருகின்றன. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள், எத்தனை வருஷம் அங்கேயே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

விலை உயர்ந்த ஸ்டெதாஸ்கோப் வாங்க வேண்டுமா?
— அட்லாண்டா வாசகி

வேண்டாம். லிட்மன் கிளாசிக் போதும். மிச்சக் காசில் நல்ல ஷூ வாங்குங்கள். ஸ்டெதாஸ்கோப்பில் மறக்காமல் பெயரைப் பொறித்துக்கொள்ளுங்கள். டாக்டர்கள் இரவல் வாங்கினால் திரும்பி வராது.