கூரான மூலையைக் கண்டு மயங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். நூறாண்டுக்கு முன் சிகரெட் பாக்கெட்டில் வைத்துக் கொடுத்த, வீரர் படம் போட்ட பேஸ்பால் கார்டு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பின்புறம் 'பீட்மான்ட்' சிகரெட் விளம்பரம். நான்கு மூலைகளும் புதுக்கருக்கு மாறாமல் கூராக இருக்கின்றன. தரச்சான்று இல்லை. "சான்று வாங்கினால் விலை இரட்டிப்பாகும்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: வேண்டாம். சான்று வாங்கினால் இரட்டிப்பு விலை கிடைக்கும் என்றால், அந்த லாபத்தை அவர் ஏன் உங்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

நீங்கள் சொல்வது 'டி206' வரிசைக் கார்டாக இருக்க வேண்டும். அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை வெளியிட்டது; மொத்தம் 524 கார்டுகள். பெரியவர்கள் சிகரெட்டை எடுத்துக்கொள்ள, கார்டு சிறுவர்களின் சட்டைப்பைக்குப் போனது. அதனால் மூலை மழுங்கியிருப்பதுதான் இயல்பு. கூராக இருந்தால், ஓரத்தை யாரோ வெட்டிச் சீராக்கியிருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இந்த வரிசையில் மிகப் புகழ்பெற்றது ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் கார்டு. அதன் பிரதி ஒன்றுக்கே இந்தக் கதி நேர்ந்தது. 1991இல் கார்டுகளுக்குத் தரச்சான்று தரும் பி.எஸ்.ஏ. நிறுவனம் அந்தப் பிரதிக்கு 10க்கு 8 மதிப்பெண் தந்தது. அதன் ஓரங்களைத் தானே வெட்டியதாக ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வெட்டிய கார்டே உயர்ந்த மதிப்பெண் பெற முடிந்தது என்றால், புதிதாக வாங்குபவர் கண்ணில் வெட்டு எப்படிப் படும்?

ஆனாலும் சில சோதனைகளை நீங்களே செய்யலாம். அசல் அளவு சுமார் 36.5 மி.மீ. அகலம், 66.7 மி.மீ. உயரம். ஆலையில் வெட்டியதிலேயே சிறு வேறுபாடுகள் உண்டு. ஆகவே அளவை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் ஓரத்தின் கனத்தைப் பாருங்கள். முகப்பு பழுப்பேறியிருக்க, ஓரம் மட்டும் வெளுப்பாக, வழவழப்பாக இருந்தால் அது புது வெட்டு. பிறகு லென்ஸைக் கீழே வீரரின் பெயருக்கு நகர்த்துங்கள். அசலில் எழுத்து இடைவெளியின்றி ஒரே சீரான மையில், பழுப்பு நிறத்தில் இருக்கும். புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அது மறுபதிப்பு. புற ஊதா விளக்கில் காகிதம் நீலவெண்மையாகப் பளிச்சிட்டாலும் அது பிற்காலக் காகிதமே.

முதல் முறை வாங்குகிறீர்கள் என்றால், பி.எஸ்.ஏ. அல்லது அதுபோன்ற எஸ்.ஜி.சி. நிறுவனத்தின் சான்றுள்ள, 2 அல்லது 3 மதிப்பெண் பெற்ற கார்டைத் தேடுங்கள். மழுங்கிய மூலை, லேசான மடிப்பு இருக்கும்; அதில் குறையொன்றுமில்லை, அந்தக் கார்டு கைமாறி வாழ்ந்திருக்கிறது. சான்று பெற்ற கார்டை அடைத்துத் தரும் பிளாஸ்டிக் உறையையும் போலியாகச் செய்கிறார்கள் என்பதால், சான்று எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஆல்பத்தில் ஒட்டிய பழைய கார்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாமா?

பதில்: வெறும் தண்ணீர் என்றால் சேகரிப்பாளர்களில் பலர் ஏற்கிறார்கள், அந்தக் கால லித்தோகிராஃப் மை அவ்வளவு எளிதில் கரையாது. வெளுப்பான் தொட்டாலோ, உதிர்ந்த இடத்தில் வண்ணம் பூசினாலோ தரச்சான்று நிறுவனத்தார் 'மாற்றப்பட்டது' என்று முத்திரை குத்தி, மதிப்பெண்ணே தர மாட்டார்கள். பிய்த்து மட்டும் எடுக்காதீர்கள். பின்புறக் காகிதம் உரிந்துவிட்டால், முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் மதிப்பெண் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். விற்பதற்கு இல்லை, பார்த்து ரசிப்பதற்கு என்றால், அப்படிப் பின்புறம் உரிந்த கார்டுகளையே மலிவாகத் தேடி வாங்கலாம்.