தினமும் 100 சிட்-அப் எடுத்தும் கோல்ஃப் ஸ்விங் தேறல, ஏன் டாக்டர்?

கேள்வி: எனக்கு 46 வயசு, வலது கை ஆட்டக்காரன். ஸ்விங்ல, அதாவது மட்டைய வீசி பந்த அடிக்கிறதுல, முன்ன இருந்த வேகம் இல்ல, அடிச்சு முடிச்சதும் கால் தடுமாறுது, பாதி ஆட்டத்துக்கு மேல கீழ் முதுகு பிடிச்சுக்குது. கோர் (வயிறு, முதுகு, இடுப்பச் சுத்தி இருக்குற தசைகள்) ஸ்ட்ராங் ஆகட்டும்னு தினமும் 100 சிட்-அப் எடுக்குறேன், ஒண்ணும் மாறல. என்ன பண்ணலாம்?

பதில்: முதல்ல அந்த சிட்-அப்ப நிறுத்திடுங்க. நீங்க உழைக்காம இல்ல, உழைப்பு தப்பான இடத்துக்குப் போகுது, அவ்வளவுதான்.

ஸ்விங்ல உடம்பு திரும்புதுல்ல, அது கீழ் முதுகுல இருந்து வரக்கூடாதுங்க. அங்க இருக்குற 5 எலும்பும் ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 2 டிகிரிதான் ஒரு பக்கமா திரும்பும், அதோட அமைப்பே அப்படி, நிஜமா திரும்ப வேண்டியது மேல் முதுகும் இடுப்பு மூட்டும்தான். அது ரெண்டும் இறுகிப்போனா கீழ் முதுகு ஈரத்துணிய முறுக்குற மாதிரி முறுக்கப்படும், வலி அங்கதான் ஆரம்பிக்குது. கோர் தசைகளோட வேலை என்னன்னா நடுவுல இருக்குற அந்தப் பகுதிய அசையாம பிடிச்சு, கால்ல இருந்து கிளம்புற சக்திய தோளுக்கு வீணாகாம கொண்டுபோறது. சிட்-அப் அந்த வேலைய சொல்லித் தராது, முதுக மடக்கி மடக்கி டிஸ்க்குக்கு (முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குறது) அழுத்தம்தான் கூடும்.

ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பாருங்க. நாற்காலில உக்காந்து முழங்கால அசைக்காம ஒரு பாதத்த மட்டும் வெளிப்பக்கமா தூக்குங்க, அப்புறம் இன்னொண்ணு. வலது கை ஆட்டக்காரருக்கு பந்த அடிக்கும்போது இடது இடுப்பு மூட்டு மேலதான் உடம்பு சுழலும், அதனால இடது பாதம் குறைவா போச்சுன்னா உங்க வலிக்கு பாதி காரணம் அங்க இருக்கலாம், அந்த மூட்ட தளர்த்துற ஸ்ட்ரெச்ச ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட கத்துக்கோங்க.

பயிற்சில நான் ரொம்ப நம்புறது பேர்ட் டாக். கையும் முழங்காலும் தரையில ஊனி, வலது கைய முன்னாடி இடது கால பின்னாடி நீட்டி 10 செகண்ட் நில்லுங்க, முதுகு மேல ஒரு டம்ளர் தண்ணி வச்சா சிந்தக்கூடாது, அந்த அளவுக்கு நிதானம் வேணும். கால உயரமா தூக்கணும்னு நினைக்காதீங்க, தூக்கினா முதுகு வளைஞ்சிடும், பலனே போயிடும். அப்புறம் பக்கம் மாத்துங்க. கூடவே சைட் பிளாங்க், அதாவது ஒரு பக்கமா படுத்து முழங்கைய ஊனி உடம்ப நேரா தூக்கிப் பிடிக்கிறது, முடியலன்னா முழங்கால் ஊனி. அப்புறம் பயிற்சிக்கான ரப்பர் பேண்ட ஒரு தூண்ல நெஞ்சு உயரத்துல கட்டி, தூணுக்குப் பக்கவாட்டுல நின்னு, பேண்டப் பிடிச்சு ரெண்டு கையாலயும் நேரா முன்னாடி தள்ளுங்க, பேண்ட் உங்கள திருப்பப் பார்க்கும், நீங்க திரும்பாம நிக்கணும், ஸ்விங்குக்கு நேரடியா உதவுறது இதுதான். எதுலயும் மூச்ச அடக்காதீங்க, பிரஷர் இருக்குறவங்க கண்டிப்பா.

தூங்கி எழுந்த உடனே குனிஞ்சு நிமிர்ற பயிற்சி வேண்டாம், ராத்திரில டிஸ்க் தண்ணி உறிஞ்சி உப்பியிருக்கும், ஒரு மணி நேரமாவது போகட்டும்.

வாரத்துக்கு 3, 4 நாள்னு 6ல இருந்து 8 வாரம் விடாம பண்ணுங்க. அதுவரை சின்ன கிளப்ல (கோல்ஃப் மட்டைல) பாதி ஸ்விங் போதும், வலி இல்லாம அது வந்த பிறகு டிரைவர, அதாவது தூரமா அடிக்கிற நீளமான மட்டைய, தொடுங்க.

கால்ல மரமரப்பு, பலக்குறைவு, ராத்திரில தூக்கத்த கெடுக்குற வலி இருந்தா பயிற்சிய ஆரம்பிக்காம நேர்ல டாக்டர பாருங்க. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினா, இல்ல ரெண்டு தொடைக்கும் நடுவுல உணர்ச்சி இல்லன்னா அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போயிடணும்.